முற்றத்தில் முகமில்லாத வட்டம்

பக்கத்து அறையில் உளிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஈரமான ஏதோ ஒன்று சப்பென்று தரையில் விழுந்தது.

"உன் கல்தச்சன் விழுந்துட்டானாடி?" என்று கேட்டாள் மதாம் ரூகேத், வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்தபடி.

"அவனா? விழறதா இருந்தாலும் யோசிச்சு யோசிச்சுத்தான் விழுவான். சத்தம் நமக்கு நாளைக்குத்தான் கேக்கும்," என்றாள் ஃபிலோமேன்.

இருவரும் சிரித்தார்கள். பிரான்ஸின் தெற்கே, தூலூஸ் நகரில் அன்று ஓதான் என்கிற தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பால் திரிந்தாலும் பிள்ளை அழுதாலும் அந்த ஊரார் அந்தக் காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். மொரான்ஸ் மாளிகையின் பெரிய கதவு காற்றில் முனகிக்கொண்டே இருந்தது. கதவை ஒட்டிய வாசலறையில் அடுப்பு எரிந்தது. பூண்டு சூப்பு கொதித்தது. எதிர்வரிசையில் கோழிக்கடை வைத்திருக்கும் மதாம் ரூகேத், மதியம் கடையைப் பூட்டியதும் தினமும் இங்கே வந்துவிடுவாள். இருவரும் விதவைகள். இருவருக்கும் மூட்டுவலி. யாருடைய வலி பெரிது என்பதில்தான் இத்தனை வருட நட்பில் ஒரே சண்டை.

ஃபிலோமேன் எஸ்காந்த் அந்த மாளிகையின் வாசல்காரி. அவளுடைய அம்மாவும் அங்கே வாசல்காரியாக இருந்தவள். அந்தச் சின்ன அறையில் பிறந்து, அதே அறைக்குக் கல்யாணம் ஆகி வந்த ஒருவனோடு குடும்பம் நடத்தி, அதே அறையிலிருந்து அவனைக் கல்லறைக்கு அனுப்பியவள். மாடிகளில் குடியிருந்த வக்கீலும் பல் வைத்தியரும் வாடகைக்கு வந்து போனார்கள். மாளிகையின் சொந்தக்காரர்களே மூன்று முறை மாறிவிட்டார்கள். அவள் மட்டும் மாறவில்லை. சாவிக்கொத்து அவள் இடுப்பிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அவளே முற்றத்தைச் சுற்றிக் காட்டுவாள். படித்தவள் இல்லை. ஆனால் அந்த வீட்டின் கதையைச் சொந்தக்காரர் வீட்டுச் சண்டையைச் சொல்வது போலச் சொல்லுவாள்.

"நானூறு வருஷத்துக்கு முன்னால, கிலெம் மொரான்ஸ்னு ஒரு வியாபாரி. பாஸ்தெல் இலைய அரைச்சு உருண்டை பிடிச்சு, அந்த நீலச் சாயத்த லண்டன் வரைக்கும் வித்தவன். பணம் வந்துது. பணம் வந்தா பதவி வேணும் இல்லையா? நகர சபையில உறுப்பினர் ஆனான். உறுப்பினருக்குத்தான் வீட்டுல கோபுரம் கட்ட உரிமை. உடனே கட்டினான், பக்கத்து வீட்டுக்காரன் கோபுரத்தவிட ஒரு ஆள் உசரம் கூட. இந்த ஊர்ல கல்லு கெடையாது, செங்கல்தான். அதனால சுவரெல்லாம் செங்கல், கண்ணுல படற எடத்துல மட்டும் கல்லு. தூணப் பாருங்க. கீழ ஒரு மாதிரி, நடுவுல ஒரு மாதிரி, உச்சியில ஒரு மாதிரி. இத்தாலியில இருந்து வந்த புஸ்தகத்தப் பாத்துக் கட்டினதாம். அந்த நாலாவது பக்கத்துச் சுவரு ஏன் மொட்டையா நிக்குதுன்னு கேக்கறீங்களா? அதுக்குள்ள கிழக்கேருந்து கப்பல்ல அவுரி நீலம் வந்துடுச்சு. இவன் சாயத்த எவனும் சீந்தல. அந்தச் சுவரு இன்னும் தூணுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் மேலே பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

முற்றத்து ஜன்னல்களுக்கு மேலே வட்டவட்டமான கல் சட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு தலை வெளியே எட்டிப் பார்த்தது. கிலெம், அவன் மனைவி, மகன், கணக்குப்பிள்ளை, மூக்கு நீண்ட சமையல்காரி. எல்லாத் தலைகளும் அக்கம்பக்கத்தில் வம்பு கேட்பவை போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வட்டத்தில் மட்டும் முகம் இல்லை. கொத்திச் சிதைத்த கல் மட்டும் இருந்தது.

"அது மக," என்பாள் ஃபிலோமேன். "புது வேதத்துல, அதான் புராட்டஸ்டண்டுல, சேந்துட்டா. ஊர்ல கலவரம். தெருவுல வெட்டிக் கொன்னாங்க. அப்பன் பயந்துட்டான். தன்னோட கொத்தனையே ஏணியில ஏத்தி, மக முகத்தக் கொத்த வெச்சான். அப்புறம் யார் கேட்டாலும், எனக்கு மகளே இல்லைன்னு சொல்லிட்டான்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கணீரென்று இருக்கும். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவள் கண் கலங்காது.

ஃபிலோமேனுக்கும் ஒரு மகள் இருந்தாள். பெயர் மிரேய். ஜெர்மன்காரர்களோடு நடந்த உலகச் சண்டை முடிந்த வருடம் வடக்கே உறவினர் வீட்டில் விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். தெருவுக்கு அப்படித்தான் தெரியும். கல்லறைத் திருநாள்தோறும் மதாம் ரூகேத் அவளுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். பங்குச் சாமி பூசையில் பெயர் வாசிப்பார். ஃபிலோமேன் அன்றிலிருந்து கறுப்பு உடையைக் கழற்றவில்லை.

அதெல்லாம் பொய் என்று அந்த ஊர்க்காரர்களில் ஃபிலோமேன் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கும் இப்போது பாதிதான் தெரியும். ஊரை நம்பவைக்கச் சொன்ன பொய்யை இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, மகள் உண்மையிலேயே எங்காவது செத்துத்தான் போயிருப்பாளோ என்று நினைக்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"சூப்பு ஆறிடப் போகுது. நான் போய் அந்த ஆளுக்கு ஊத்திட்டு வரேன்," என்று கிண்ணத்தை எடுத்தாள்.

"மாப்பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் ஊட்ட மாட்டாங்க," என்றாள் மதாம் ரூகேத்.

அந்தக் கல்தச்சர் மழைக்காலத் தொடக்கத்தில் வந்தவர். மாளிகையைப் பழுதுபார்க்க அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்தது. முகமில்லாத வட்டத்துக்குப் புதுத் தலை செதுக்குவது அவர் வேலை. கல்தச்சர் சங்கத்து ஆட்களுக்கு ஊரில் யாரும் சொந்தப் பெயர் கேட்பதில்லை. சங்கத்தில் சேரும்போதே பழைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, பிறந்த ஊரையும் ஒரு நல்ல குணத்தையும் சேர்த்துப் பெயராக வைத்துக்கொள்வார்கள். இவர் ஆஞ்சே ஊர்க்காரர். குணம், நிதானம். வந்த அன்றைக்கே தெரு முழுவதும் 'நிதானம்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. பொருத்தமான பெயர். ஒரு ரொட்டித் துண்டைத் தின்பதற்குள் இவர் மூன்று தடவை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார்.

வாசலறைக்கு அடுத்த பழைய குதிரைலாயத்தில்தான் அவர் வேலை செய்தார், அங்கேயே படுத்தார். ஃபிலோமேன் அவருக்குச் சமைத்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். சூப்பில் உப்பு போதவில்லை என்று அவர் தினமும் சொல்லுவார். அவளும் தினமும், "உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுப்பா," என்பாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்துகொள்வார். செய்கிற தலையை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. ஈரச் சாக்கால் மூடியே வைத்திருந்தார்.

அவள் லாயத்துக்குள் போனபோது அவர் அங்கே இல்லை. தண்ணீர் பிடிக்க முற்றத்துக்குப் போயிருக்க வேண்டும். ஈரச் சாக்கு நழுவித் தரையில் கிடந்தது. சப்பென்று விழுந்தது அதுதான். எடுத்து மேலே போடலாம் என்று குனிந்து, சாக்கோடு நிமிர்ந்தாள்.

முகத்துக்கு நேராக ஒரு முகம் இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறு கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து, கொதிக்கிற சூப்பு மணிக்கட்டில் வழிந்தது. அது சுடுகிறது என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

மிரேய்.

போனபோது இருந்த மிரேய் அல்ல. நாற்பது வயது மிரேய். வாயோரத்தில் இரண்டு கோடுகள். தாய் அந்தக் கோடுகளைப் பார்த்ததே இல்லை. நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. கன்னம் ஒடுங்கியிருந்தது. ஆனால் பதில் சொல்ல வருவது போலச் சற்றே திறந்திருக்கும் அந்த வாய் அப்படியே இருந்தது. தலைமுடி ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருந்தது. இடது காது மடலில் ஒரு சின்ன வெட்டு. காது நுனியில் ஒரு துண்டு இல்லை.

வாய் யாருக்காவது ஒத்துப்போகலாம். நெற்றி ஒத்துப்போகலாம். அந்தக் காது யாருக்கும் ஒத்துப்போகாது.

அந்தக் காது வெட்டுப்பட்டது இருபது வருடத்துக்கு முன், ஓர் ஆகஸ்டு மாதத்தில். முந்தின நாள் வரை மாளிகையின் முதல் மாடியில், நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்களின் அலுவலகம் இருந்தது. மிரேய் அவர்களுக்குச் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒரு சிப்பாய் அவளைப் பார்த்துச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அதற்கு மேல் ஏதாவது நடந்ததா என்று தாய் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள். ஜெர்மன்காரர்கள் ஓடிப்போன மறுநாள், கொடியும் பாட்டுமாக ஒரு கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அவர்களில் பாதிப் பேர் அதுவரை அதே ஜெர்மன்காரர்களுக்கு வெண்ணெய் விற்றவர்கள். மிரேயை முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். முகமில்லாத அந்த வட்டத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரியோடு பழகியவள் என்று தலையை மழித்தார்கள். காது வெட்டுப்பட்டு ரத்தம் கழுத்தில் ஓடியது.

மறுநாள் விடிவதற்குள் ஃபிலோமேன் மகளின் தலையில் துணியைக் கட்டி ரயில் ஏற்றினாள். அதன் பிறகு இருவருக்கும் இடையே ஒரு கடிதம்கூட இல்லை. குளிர்காலம் வந்ததும் தெருவில் அழுது காட்டினாள். காய்ச்சல், என்றாள். மானம் மிஞ்சியது.

பின்னால் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"சாக்கு விழுந்துடுச்சா," என்றார் நிதானம்.

அவள் திரும்பவில்லை. "இந்த முகத்த எங்கப்பா பாத்த?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தினமும் பாக்கறேன் வாசக்காரம்மா. ஊர்ல இருந்தா, காலையில கண் முழிச்சதும் மொதல்ல அந்த முகத்துலதான் முழிப்பேன்."

"யாரு அது?"

"என் பொண்டாட்டி."

காற்று லாயத்தின் கூரை ஓடுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஃபிலோமேன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்க அத்தனை நேரம் ஆனது.

"பேரு?"

"நீங்க வெச்ச பேருதான்."

அவள் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். அவர் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். மணிக்கட்டு சிவந்திருப்பதைப் பார்த்து, ஈரத் துணியைச் சுற்றினார். அவள் ஒரு குழந்தை போலக் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்த அன்னைக்கே தெரியுமா, நான்தான்னு?"

"தெரியும்."

"மழைக்காலம் பூரா என் சோத்தத் தின்னுட்டு, ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"எப்படிச் சொல்றது? மொத நாளே நீங்க என்கிட்ட சொன்னீங்க, ஒரே பொண்ணு, செத்துட்டான்னு. செத்தவளோட புருஷன் நான்னு எந்த வாயால சொல்லிக்கிறது?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

"நல்லா இருக்காளா?"

"ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல வேல. சலவை சரியில்லைன்னா டாக்டரையே திட்டுவா. முடிய வளக்க மாட்டா. நானும் கேட்டுப் பாத்துட்டேன். இப்படித்தான் இருப்பேன், பாக்கறவன் பாக்கட்டும்னு சொல்லிட்டா."

"என்னப் பத்தி?"

அவர் உளியை எடுத்து, கூர் பார்த்து, திரும்ப வைத்தார்.

"நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப, அம்மா செத்துட்டாங்கன்னுதான் சொன்னா. எங்க வீட்டுலயும் நீங்க செத்துத்தான் போயிருந்தீங்க. பல வருஷம் கழிச்சு ஒரு நாள், சட்டை தேய்க்கும்போது, திடீர்னு எல்லாத்தயும் சொன்னா."

"எல்லாத்தயுமா?"

"கத்தரிக்கோலயும்."

அந்த ஒன்று ஃபிலோமேனோடு மண்ணுக்குள் போக வேண்டியது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாதது.

அன்று வந்த கூட்டத்துக்கு மழிக்கத் தெரியவில்லை. ஒருவன் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தான். இன்னொருவன், இந்த வீட்டில் கத்தரி இல்லையா என்று கத்தினான். யாரும் பதில் சொல்லவில்லை. ஃபிலோமேன்தான் உள்ளே போனாள். இழுப்பறையைத் திறந்து, துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துவந்தாள். நல்ல வீட்டுப் பெண்கள் கொடுக்கிற மாதிரி, கூர்முனையைத் தன் பக்கம் வைத்து, கைப்பிடியை அவன் பக்கம் நீட்டினாள். கத்தியைவிடக் கத்தரி மேல் என்று நினைத்தாளா, அல்லது கூட்டம் தன் பக்கம் திரும்புவதற்குள் சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தாளா? இருபது வருடமாக அவளுக்கே தெரியவில்லை. நாற்காலியில் இருந்த மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழி வாங்க வந்தியா?" என்றாள் ஃபிலோமேன்.

"வரும்போது அப்படித்தான் நெனச்சேன்," என்றார் நிதானம். "அவள உக்கார வெச்ச அதே எடத்துக்கு மேல, அவ முகத்த வெக்கணும். இந்த ஊரு அண்ணாந்து பாக்கணும். நீங்க தினமும் கூட்டும்போது பாக்கணும். அதுக்காகத்தான் சங்கத்துல கேட்டு இந்த வேலைய வாங்கினேன். சின்ன வயசுல இந்த வட்டத்துக்குக் கீழ படுத்துக்கிட்டு, காலி எடத்துல தன் மூஞ்சிய வெச்சுப் பாப்பாளாம். அதையும் சொல்லியிருக்கா." கல் தலையின் மேலிருந்த தூசியை ஊதினார். "இங்க வந்தப்புறம் பழின்னு நெனப்பு போயிடுச்சு. முகம் மட்டும் மேல ஏறட்டும்னு இருக்கு. நான் செஞ்சதுலயே நல்ல வேல இதுதான்."

வெளியே பெரிய கதவின் இரும்பு வளையம் இடித்தது. கட்டடக் கலைஞர் மொசியே தாஸ்தே வந்துவிட்டார். தலையைப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டியவர் அவர். திங்கட்கிழமை வருவதாக இருந்தவர், இந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததால் முன்னதாகவே வந்திருந்தார். சத்தம் கேட்டு மதாம் ரூகேத்தும் பின்னாலேயே வந்தாள். வம்பு என்றால் மட்டும் அவள் கால் வலிக்காது.

மொசியே தாஸ்தே தொப்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுற்றி நடந்தார். பிறகு நின்றார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"நிதானம், உன்ன என்னமோன்னு நெனச்சேன்யா. இது பேசப் போகுது." இன்னொரு சுற்று வந்தார். "முடிதான் இடிக்குது. மொரான்ஸ் காலத்துல எந்தப் பொம்பளையும் இப்படி வெட்டிக்க மாட்டா. பரவாயில்ல, இது புதுசுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியட்டும். சரி, சடங்குக்கு ஒரு கேள்வி. இது யாரையாவது பாத்துச் செஞ்சதா? விதி தெரியும் இல்ல? உயிரோட இருக்கறவங்க முகம் பழைய கட்டடத்துல ஏறக் கூடாது. எங்கயோ ஒரு ஊர்ல ஒரு தலைவரு தன் பொண்டாட்டிய மாதா சுரூபமா ஏத்திட்டாரு. அப்ப வந்த விதி இது."

"யாரையும் பாத்துச் செய்யல," என்றார் நிதானம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

மதாம் ரூகேத் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். கல்லை மோந்து பார்ப்பது போலக் குனிந்தாள். அப்படியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஃபிலோ, இது நம்ம மிரேய்டி."

"யாரு மிரேய்?" என்றார் மொசியே தாஸ்தே.

"இவ பொண்ணு மொசியே. சண்ட முடிஞ்ச வருஷம் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. தங்கமான பொண்ணு." அவள் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. "இந்த மனுசன் ஏதோ பழைய போட்டோவப் பாத்திருக்கணும். உயிரோட இருந்தா இந்த வயசுல இப்படித்தான்டி இருந்திருப்பா."

மொசியே தாஸ்தேயின் முகம் தெளிந்தது. "இறந்தவங்களா? அப்ப ஒரு தடையும் இல்ல. இந்த வீட்டுல பொறந்த பொண்ணு, இந்த வீட்டுச் சுவருக்கே வர்றது ரொம்பப் பொருத்தம். மதாம் எஸ்காந்த், தாயார் நீங்க. உங்களுக்குச் சம்மதம்தானே?"

எல்லோரும் ஃபிலோமேனைப் பார்த்தார்கள்.

தலையை ஆட்டினால் போதும். இருபது வருடமாகச் சொன்ன அதே பொய்தான். புதிதாக ஒரு வார்த்தைகூட வேண்டாம். அந்தப் பொய்யே இப்போது மகளைச் சுவரில் ஏற்றி வைக்கும். மருமகனின் ஆசை நிறைவேறும். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். சாகும் வரை காலையில் கூட்டும்போது அண்ணாந்து பார்த்து அந்த முகத்தோடு பேசலாம். நிதானமும் அதைத்தான் கேட்டார். வாயால் கேட்கவில்லை. அவர் கண்கள் கல்லிலிருந்து அவளுக்கும், அவளிடமிருந்து கல்லுக்கும் போய்வந்தன.

ஆனால் மகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எங்கோ ஆஞ்சேயில், நீராவிக்கு நடுவே, யாரையோ திட்டிக்கொண்டு. அது தெரிந்து இன்னும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தெரியாதவரை அவளைச் சாகடித்தது ஒரு விதம். இப்போது, தெரிந்துகொண்டு, இன்னொரு தடவை?

"அவ சாகல," என்றாள் ஃபிலோமேன்.

தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல இருந்தது.

"என்னது?" என்றாள் மதாம் ரூகேத்.

"என் பொண்ணு சாகல. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கட்டிவிட்ட கத. உயிரோட இருக்கா. இவரு அவ புருஷன்."

நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். மதாம் ரூகேத் பிடித்துக்கொள்ள இடம் தேடி, கடைசியில் மொசியே தாஸ்தேயின் கையைப் பிடித்தாள்.

"நான் மெழுகுவத்தி ஏத்தினேனே," என்றாள் மெதுவாக. "என் புருஷனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. வருஷா வருஷம். என் புருஷன் கல்லறையில நின்னுக்கிட்டு, அந்தப் பொண்ணயும் பாத்துக்கய்யான்னு அவருகிட்ட ஒப்படைச்சேனே. அவரு அங்க தேடிக்கிட்டுல்ல இருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

மொசியே தாஸ்தே தொண்டையைச் செருமினார். இரக்கமுள்ள மனிதர். "நான் இத ஏத்த முடியாது. உங்களுக்கே தெரியுது. ஆனா ஒண்ணு பண்ணலாம் நிதானம். மூக்க லேசா மாத்து. முடி மேல ஒரு குல்லா வெச்சிடு, அந்தக் காலத்து மாதிரி. காத சரி பண்ணிடு. அப்புறம் அது யாரும் இல்ல. நானும் எதையும் கேக்கல."

நிதானம் தலையைப் பார்த்தார். அந்தக் காதைப் பார்த்தார்.

"காதத் தொட மாட்டேன் மொசியே."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லி அந்தத் தெரு கேட்டதே இல்லை. மொசியே தாஸ்தே தோளைக் குலுக்கினார். வட்டம் இருந்தபடியே இருக்கட்டும், வேறு ஆள் பார்க்கிறேன், அல்லது பார்க்காமலே விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு காற்றுக்குள் போய்விட்டார்.

நிதானம் சாக்கை உதறினார். ஆனால் கல் தலையின் மேல் போடவில்லை. மடித்துத் தரையில் வைத்தார்.

"ஆமான்னு தலைய ஆட்டியிருந்தா ஏறியிருக்கும்," என்றார்.

"ஏறியிருக்கும்."

"மழைக்காலம் பூரா செஞ்ச வேல."

"தெரியும்ப்பா. கெடுத்துட்டேன். உனக்கும் கெடுத்துட்டேன்." அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. அவ்வளவு பெரிய அதிர்ச்சிக்குள் கண்ணீருக்கு வழி தெரியவில்லை போலும். "அவகிட்ட நீ என்ன சொல்லப் போற?"

"கல்லு எங்கன்னு கேப்பா. ஏன் ஏறலன்னு சொல்லணும். அப்ப உங்களப் பாத்ததயும் சொல்லணும்."

"வருவாளா?"

அவர் வழக்கப்படி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அவளுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"தெரியல. கத்தரி விஷயத்த அவ மறக்கல. மறப்பான்னும் எனக்குத் தோணல. ஆனா நீங்க இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னத அப்படியே சொல்றேன். ஒரு வார்த்த கூட்ட மாட்டேன், கொறைக்க மாட்டேன்."

"கூட்டாத," என்றாள் ஃபிலோமேன்.

மதாம் ரூகேத் வாசலறைக்குப் போய்த் தன் சால்வையை எடுத்துக்கொண்டாள். ஃபிலோமேன் பின்னாலேயே போனாள். ரொட்டி பாதி தேய்த்தபடி மேசையில் கிடந்தது. இத்தனை வருடத்தில் மதாம் ரூகேத் இந்த அறையிலிருந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்காமல் போனது கிடையாது. இன்று சால்வையின் முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டு நின்றாள். அருகில் வரவில்லை.

"நீ எனக்கு யாருன்னே தெரியல ஃபிலோ," என்றாள்.

"எனக்கும் தெரியல."

"அந்த ஆகஸ்டுல நான் ஜன்னல மூடிட்டு கட்டிலுக்கு அடியில உக்காந்திருந்தேன். உங்க முற்றத்துல அவ கத்தினது எனக்குக் கேட்டுது. நான் வரல. அதுக்காகத்தான்டி நான் மெழுகுவத்தி ஏத்தினேன். செத்துட்டான்னு நீ சொன்னப்ப, அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு நெனச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அத்தன வருஷமும் நீ எனக்கு எதிர்ல உக்காந்து சூப்பு குடிச்சிருக்க."

ஃபிலோமேன் மேசையிலிருந்த ரொட்டியைத் தட்டால் மூடினாள்.

மதாம் ரூகேத் பெரிய கதவின் சின்னத் திட்டிவாசலைத் திறந்தாள். காற்று சால்வையைப் பிடுங்கியது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழம கோயில்ல சாமி கேப்பாரு. தெருவுல எல்லாரும் கேப்பாங்க. அந்தத் தச்சன் யாரு, கல்லு ஏன் ஏறலன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"உயிரோட இருக்கான்னு சொல்லு."

மதாம் ரூகேத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காற்றுக்கு எதிராகக் குனிந்தபடி தெருவைக் கடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிலோமேன் இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.